ஏறாத முள்

கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நஷ்டமில்லை. இது நடந்தது. பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருக்கும்போதே நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அந்த ஆள் பேயைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

நடந்தது டர்போ அக்காவுக்கு. எங்கள் பட்டறைத் தெருவில் டர்போ இன்ஜினைப் பிரித்துப் பூட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. அதனால் வந்த பெயர். பேச்சும் அப்படித்தான். மெதுவாக ஆரம்பிப்பாள், சூடு பிடித்துவிட்டால் நிறுத்த முடியாது. அப்படிப்பட்டவள் இந்த விஷயத்தை ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொன்னாள். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

முதலில் அவள் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே தம்பி. நெடுநெடுவென்று வளர்ந்தவன், எந்த காரில் ஏறினாலும் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினால்தான் அவனுக்குக் கால் கொள்ளும். அவன் காருக்கு இன்ஜினை அக்காவே பூட்டிக் கொடுத்தாள். ஒரு நாள் மேம்பாலத்தில் ஒரு பஸ்ஸை முந்தப் போனபோது அந்த இன்ஜின் இறுகி, சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு, கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் லாரி. அவ்வளவுதான்.

விபத்தைச் சோதித்த அதிகாரி, பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை, பூட்டியதில் கோளாறு என்று எழுதினார். அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. "உன் கைதான்" என்றார். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். இரண்டு வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஏதாவது வேண்டுமென்றால் பூனையிடம் சொல்வார். "சாப்பாட்டுல உப்பில்லைன்னு சொல்லு." பூனை அக்காவைப் பார்க்கும். அக்கா உப்பை எடுத்து வைப்பாள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும்.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், தப்பு தன்னுடையதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. அந்த இன்ஜினைப் பிரித்துப் பார்க்க அவளை விடவில்லை. கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. எந்த போல்ட்டை விட்டேன், எதை முறுக்கவில்லை என்று மனதுக்குள் அந்த இன்ஜினை அவள் எத்தனை தடவை பிரித்துப் பூட்டியிருப்பாளோ, கணக்கே இல்லை. தம்பியைக் கொன்றது என் கையா? இந்த ஒரு கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பல் டாக்டர் வெள்ளைக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். சின்ன கார், அதற்குள் வேறு வண்டியின் டர்போ இன்ஜினை மாற்றி வைத்திருந்தார்கள்.

"ஆயில் பிரஷர் லைட்டு எரியுதுக்கா. அதை மட்டும் அணைச்சுக் குடுத்துடுங்க."

"லைட்டை அணைக்கணும்னா ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்க வேண்டியதுதானே? பல் வலின்னு வந்தா நீங்க வாயை மூடிக்கச் சொல்லுவீங்களா?"

டாக்டர் அசடு வழிந்தார். கார் யாரிடம் வாங்கினது என்று கேட்டதற்கு ஒரு புரோக்கரைச் சொன்னார். அக்காவுக்குத் தெரிந்தவன்தான், தம்பியின் சிநேகிதன். இருவரும் சேர்ந்து பழைய கார் வியாபாரம் பார்த்தவர்கள். சாவு வீட்டில் எல்லாரையும்விட உரக்க அழுதவன் அவன்தான்.

டேஷ்போர்டு லைட்டை எந்த மெக்கானிக்கும் அப்படியே நம்ப மாட்டான். சென்சார் கெட்டாலும் அது எரியும். அக்கா சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் குழாயோடு எண்ணெய் அழுத்தத்தை முள்ளால் காட்டும் தன் சொந்தக் கேஜை மாட்டிப் பானட்டில் தொங்கவிட்டாள். இன்ஜினைப் போட்டாள். முள் ஒன்றரைக்கு வந்தது. சும்மா ஓடும்போது அது பரவாயில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் நாலைத் தாண்டி ஏற வேண்டும். மிதித்தாள். ஏறவில்லை. இன்ஜின் அலறியது, முள் ஒன்றரையிலேயே நின்றது. டர்போ இன்ஜினுக்கு இது விஷம். வேகமாகப் போகும்போதுதான் எண்ணெய் நிறைய வேண்டும், அப்போது பார்த்து இல்லை என்றால் பேரிங் பிடித்துக்கொள்ளும்.

சாவியைத் திருகி அணைத்தாள். முள் கீழே விழ வேண்டும்.

விழவில்லை. ஒன்றரையிலேயே நின்றது. அப்புறம் மெதுவாக... இரண்டு... மூன்று... என்று ஏறியது. நின்றுபோன இன்ஜினில் பிரஷர் எப்படி ஏறும்? அவள் குனிந்து பார்ப்பதற்குள் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. கேஜ் பழசாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இன்ஜின் நம்பர் இருக்கும் இடத்தை யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டியைப் பட்டறைக் குழியின் மேல் நிறுத்த ஏறினாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டு கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அக்கா குள்ளம். முந்தின நாள் சாயங்காலம் அவள்தான் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு ஓட்டினாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

பக்கத்துப் பட்டறை வெல்டரைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், என் வண்டியில ஏறி உட்கார்ந்தியா?"

"நானா? என் வயிறு ஸ்டீரிங்ல இடிக்கும், ஆளை விடு தாயே."

சீட்டை முன்னால் இழுத்தாள், வண்டியைக் குழியின் மேல் நிறுத்தினாள், இறங்கி எண்ணெயை டிரேயில் வடித்தாள். இரவெல்லாம் நின்ற வண்டி. எண்ணெய் சில்லென்று இருக்க வேண்டும். கையில் பட்டது வெதுவெதுவென்று இருந்தது. உடம்புச் சூடு.

இன்ஜின் மாற்றுகிறவர்கள் வழக்கமாக ஒரு தப்பு செய்வார்கள். வண்டியின் அடியில் இடிக்கிறது என்று எண்ணெய்ச் சட்டியை மாற்றுவார்கள், உள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாயை மாற்ற மறந்துவிடுவார்கள். குழாயின் வாய் சட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும், உறிஞ்ச முடியாது. அதுதான் என்று நினைத்துச் சட்டியை இறக்கினாள். குழாயின் வாயில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, சட்டியை மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தைப் பார்த்தாள். இடைவெளி சரியாகத்தான் இருந்தது. பேரிங் எல்லாம் புதுசு. சட்டியைத் திரும்பப் பூட்டினாள். புது எண்ணெய் ஊற்றவில்லை. இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. ஒரு ஸ்பேனரை எடுக்கக் குழியிலிருந்து மேலே வந்தவள், கார் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

சீட்டு மறுபடியும் பின்னால் போயிருந்தது.

வெல்டர் முகமூடியை மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தான். தெருவில் வேறு யாரும் இல்லை. வேலையை முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று குழிக்குள் இறங்கினாள்.

டக்.

இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். இன்ஜினுக்குள்ளிருந்து.

டக்... டக்...

நின்ற இன்ஜின். எண்ணெய் இல்லாத இன்ஜின். டார்ச்சைப் பம்ப் பக்கம் திருப்பினாள். தட்டல் மெதுவானது. டர்போ குழாய்க்குப் பின்னால் திருப்பினாள். டக் டக் டக். கையை இன்னும் உள்ளே விட்டாள். டக்டக்டக்டக்...

சின்ன வயதில் அக்காவும் தம்பியும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவர் பொருளை ஒளித்து வைத்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர் தேட வேண்டும். பக்கத்தில் போனால் வேகமாகத் தட்டணும், தள்ளிப் போனால் மெதுவாக. எல்லாரும் கையைத் தட்டுவார்கள். தம்பி மட்டும் எதையாவது இரும்பை எடுத்துத் தட்டுவான்.

அவள் விரல் ஒரு போல்ட்டைத் தொட்டது.

தட்டல் நின்றது.

பிரஷர் வால்வு போல்ட். அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். எண்ணெயின் அழுத்தம் அளவு மீறினால் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, மிச்சத்தை வழியவிடும். ஸ்பிரிங் நோஞ்சானாக இருந்தால் எப்போதும் வழிந்துகொண்டே இருக்கும், முள் ஏறவே ஏறாது. அக்கா தேட வந்த கடைசி இடமும் அதுதான். டார்ச் வெளிச்சத்தில் போல்ட்டின் தலையைப் பார்த்தாள்.

ஒரு மஞ்சள் கோடு. கோட்டின் நுனியில் ஒரு புள்ளி.

முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் கோடு போடுவது எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலை. பிறகு யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டுக்குப் புள்ளி வைக்கிறவள் இவள் ஒருத்திதான். இது அவள் பூட்டிய இன்ஜின். தம்பியின் இன்ஜின்.

கோடு விலகியிருந்தது. போல்ட்டில் இருந்த பாதியும் இன்ஜினில் இருந்த பாதியும் சேரவில்லை. அவள் பூட்டிய பிறகு யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள்.

திருகிக் கழற்றினாள். ஸ்பிரிங் உள்ளங்கையில் விழுந்தது. விரல் நீளம் இருக்க வேண்டியது, பாதிதான் இருந்தது. வெட்டிய முனை நீலமாகக் கருகியிருந்தது. கிரைண்டர் வைத்து அறுத்திருக்கிறார்கள்.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் இல்லடா. நான் இல்ல" என்று வாய்விட்டு அழுதாள். சாகிற வாரம் தம்பி சொன்னது அப்போதுதான் உறைத்தது. அடிபட்ட இரண்டு கார்களைப் பாதி பாதியாக வெட்டி ஒட்டி, ஒரே காராக விற்கிறான் புரோக்கர். அதை வாங்கின ஒரு குடும்பம் ரோட்டில் செத்துப்போயிற்று. போலீசில் சொல்லப்போகிறேன்க்கா என்றான். உனக்கு எதுக்குடா வம்பு என்றாள் இவள்.

சொல்லப் போன வழியில்தான் மேம்பாலம்.

தம்பியின் இன்ஜினைப் புரோக்கர் பழைய இரும்பிலிருந்து மீட்டு, பேரிங் மாற்றி, நம்பரைத் தேய்த்து, இன்னொருவர் தலையில் கட்டியிருக்கிறான். பேராசை. நாலு பேர் முன்னால் அந்த ஒரு போல்ட்டைத் தொட மட்டும் அவனுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது.

அக்கா மேலே ஏறி வந்தாள். அழுகை போய்விட்டிருந்தது. அவள் சொன்னது இது: "அப்படியே வயித்துலேர்ந்து எரிஞ்சுச்சு. அவன் கையில கிடைச்சா பல்லால கடிச்சிருப்பேன்."

பானட்டில் தொங்கிய கேஜைப் பார்த்தாள்.

எண்ணெய் இல்லை. ஸ்பிரிங் இல்லை. இன்ஜின் ஓடவில்லை.

முள் மேலே கடைசி வரை ஏறி நின்றது.

புரோக்கருக்குப் போன் போட்டாள். "அண்ணே, பல் டாக்டர் வண்டி என்கிட்ட நிக்குது. பிரஷர் ஏறல. இந்த இன்ஜின் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"தொடாதே. நான் வர்றேன்."

டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, வந்துவிட்டான். சட்டையெல்லாம் வேர்வை. "என்ன தங்கச்சி, சின்ன ஸ்பிரிங் விஷயம். இதுக்குப் போய் எல்லாத்தையும் கழட்டிட்டியா? விடு, நான் பார்த்துக்கறேன்."

ஸ்பிரிங் என்ற வார்த்தையை அவள் அவனிடம் சொல்லவே இல்லை. அது அவள் மூடிய கைக்குள் இருந்தது.

"எந்த ஸ்பிரிங் அண்ணே?"

அவன் முகம் வெளுத்தது. "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் அவன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கேஜைப் பிய்த்துத் தரையில் எறிந்தான். பானட்டை அறைந்து மூடினான். விற்கிற காருக்கெல்லாம் ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொள்வது இந்தப் புரோக்கர்களின் வழக்கம். அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். அவனும் குள்ளம்தான். சீட்டை முன்னால் இழுத்தான், கடக்.

எண்ணெய் இல்லை என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள்.

மூடிக்கொண்டாள். போடா. தெருமுனை தாண்ட மாட்டே. இறுகி நில்லு, ஊரைக் கூட்டி உன் தோலை உரிக்கிறேன். அப்படித்தான் நினைத்தாள்.

கார்க் கதவு நாலும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. டக்.

அவன் சாவியை இன்னும் செருகவில்லை. கையில்தான் வைத்திருந்தான்.

இன்ஜின் உறுமியது.

கடக்... கடக்... கடக்...

சீட்டு தானாகப் பின்னால் போனது. அவன் கால்கள் அந்தரத்தில் உதைத்தன. கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தான். வெல்டிங் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கார் நிதானமாக, நல்லாப் பழகினவன் ஓட்டுகிற மாதிரி, குழியைத் தாண்டித் தெருவில் இறங்கித் திரும்பியது.

சொட்டு எண்ணெய் கீழே சிந்தவில்லை.

தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டது.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். எவ்வளவு நேரமோ தெரியாது. தரையில் கிடந்த கேஜ், எதோடும் ஒட்டாமல் தனியாகக் கிடந்த கேஜ், இன்னும் உச்சியைக் காட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று முள் விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து. அப்போதுதான் அவள் எண்ணெய் டிரேயைப் பார்த்தாள்.

காலி. துடைத்து வைத்த மாதிரி, ஈரம்கூட இல்லை.

மறுநாள் பல் டாக்டர் நடந்து வந்தார், ஆள் பேயறைந்த மாதிரி இருந்தார். கார் மேம்பாலத்தில் ஓரமாக நின்றதாம். தம்பி செத்த அதே இடம். ஒரு கீறல் இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. கதவெல்லாம் உள்பக்கம் பூட்டியிருந்தது. பாலத்து கேமராவில் கார் வந்து நின்ற நேரம் மூன்று ஐந்து. புரோக்கர் உள்ளே செத்துக் கிடந்தான். பிரேதப் பரிசோதனை செய்தவர் டாக்டருக்குத் தெரிந்தவர்.

"மூழ்கிச் செத்திருக்கார்க்கா. காய்ஞ்ச காருக்குள்ள. நுரையீரல், வயிறு எல்லாம் இன்ஜின் ஆயில். ராத்திரி அறுத்தப்பவும் அது வெதுவெதுன்னு இருந்துச்சாம்."

அக்கா பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வெட்டிய ஸ்பிரிங்கை அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"தெரியும்" என்றார் அப்பா. அவளைப் பார்த்து. இரண்டு வருஷத்துக்கு அப்புறம், அவள் முகத்தைப் பார்த்து.

"யார் சொன்னா?"

"தம்பிதான். நேத்து மத்தியானம் வந்தான்."

அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று அவள் பயந்துபோனாள். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"வெள்ளைக் கார். வாசல்ல நிறுத்தினான், இறங்கல. கண்ணாடியை மட்டும் இறக்கினான். அக்கா பூட்டினது சரியாத்தான் இருந்துச்சுப்பா, அவ மேல தப்பில்லன்னான். ஸ்பிரிங்கை வெட்டினது யாருன்னும் சொன்னான்."

"அவன்... தனியாவா வந்தான்?"

"பக்கத்து சீட்டுல அந்தப் புரோக்கர் இருந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தமே வரல. வாயிலேர்ந்து கறுப்பா வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்."

அக்கா திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"'இவரை இங்கேயே இறக்கி விட்டுடவாப்பா? நீங்க சொன்னா விட்டுடறேன்'னு கேட்டான்."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

அப்பா ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தார். கருகிய முனையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"வேணாம், கூட்டிட்டுப் போன்னேன்."